மாசி மகத்துக்குப் போன ஊர்

அன்றைக்குக் கன்னிமேட்டில் இருந்தவர்கள் இவர்கள்.

கிராம நிர்வாக அலுவலர். எங்கள் ஊருக்கு மாற்றலாகி வந்து பதினைந்து நாள் ஆகியிருந்தது.

சர்வேயர். கையில் அளக்கும் மிஷின்.

சர்வேயரின் உதவியாள். தோளில் மூன்று கால் ஸ்டாண்டு.

நான். கிராம உதவியாளர். ஊரில் தலையாரி என்பார்கள்.

ஒரு செவலை நாய். எங்களைப் பார்த்து அது குரைக்கவில்லை.

வேறு யாரும் இல்லை.

முப்பத்தோரு குடிசைகள் நின்றன. தட்டிக் கதவுகளைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். எந்த அடுப்பிலும் நெருப்பு இல்லை. வாசலில் ஒரு குடம்கூட இல்லை.

வி.ஏ.ஓ. சார் சுற்றிப் பார்த்தார்.

"இங்க யாரும் இல்லையா?"

"இல்ல சார்" என்றேன்.

அவர் படிவத்தில் எழுதினார். நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். எல்லாரும் டீ குடிக்கப் போனோம்.

நீங்கள் புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கிறீர்கள். டிகிரி படித்தவர்களும் இருக்கிறீர்கள். நான் எட்டாவது. இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தேன். அதில் நான் செய்த பெரிய தவறு இந்த "இல்ல சார்"தான். ஓய்வுக்கு மூன்று வருடம் இருக்கும்போது செய்தேன். சின்ன வயதில் செய்திருந்தால் அனுபவம் போதவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். அதற்கும் வழி இல்லை.

கன்னிமேடு எங்கே என்று முதலில் சொல்கிறேன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையின் கடைசிப் புகைபோக்கியைத் தாண்டிக் கிழக்கே போனால் சவுக்குத் தோப்பு. தோப்பு முடிந்தால் உப்புத் தரை. அதற்கு அப்பால் ஒரு மணல் மேடு. மேட்டுக்கு மறுபக்கம் பழவேற்காடு ஏரியின் தண்ணீர் ஒரு கை மாதிரி உள்ளே வந்து நிற்கும். மேட்டில் நின்றால் ஒரு காதில் இரும்பு ஆலைச் சத்தம் கேட்கும், மறு காதில் நாரைச் சத்தம்.

அங்கே இருப்பவர்கள் இருளர்கள். தங்களுக்குள் அவர்கள் பேசுவது பாதி தெலுங்கு, பாதி தமிழ், மீதி அவர்களுடையது. ஐந்து வருடம் கேட்ட பிறகுதான் எது சண்டை, எது சிரிப்பு என்று எனக்குப் பிரிக்கத் தெரிந்தது.

அவர்களுக்கு வலையும் கிடையாது, படகும் கிடையாது. ஏரித் தண்ணீர் இறங்கும் நேரத்தில் இடுப்பளவு, கழுத்தளவு உள்ளே போவார்கள். ஓலையில் பின்னிய சின்னக் கூடை ஒன்று வைத்திருப்பார்கள். பறி என்பார்கள். அதை வாயில் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் அடிச் சேற்றைத் தடவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் பறிக்குள் போடுவார்கள். தண்ணீரில் இருக்கும்போது யாரும் பேச முடியாது. அதனால்தான் கரைக்கு வந்ததும் அவ்வளவு பேசுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

அவர்களுடைய சாமி கன்னியம்மா. மேட்டில் பூவரச மரத்தடியில் ஏழு கல் இருக்கிறது. அம்மா இருக்கும் இடம் அது இல்லை, கடல்தான் என்பார்கள். வருடத்துக்கு ஒரு முறை மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரைக்குப் போய் அவளைப் பார்க்க வேண்டும். பானை, கோழி, கைக்குழந்தை, நடக்க முடியாத கிழவர் எல்லாம் போகும். எட்டு நாள், பத்து நாள் ஆகும். புடவையைக் கூடாரமாகக் கட்டி மணலில் தங்குவார்கள். பெண் பார்ப்பது, தாலி கட்டுவது, பழைய சண்டையைத் தீர்ப்பது, புதிய சண்டை போடுவது எல்லாம் அங்கேதான்.

இது எனக்குத் தெரியும். சார் கேட்டபோதும் தெரிந்துதான் இருந்தது. கேட்டதற்குப் பதில் சொன்னேன். மேலே ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குப் பேச்சு குறைவு. அதை ஒரு நல்ல குணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அது திங்கட்கிழமை. செவ்வாய்க்கிழமை தபால் எடுத்துக்கொண்டு தாலுகா ஆபீஸ் போனேன். மேசையில் அந்தப் படிவம் இருந்தது. தொழிற்பேட்டைக்கு வரும் லாரிகளை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார்கள். ஆள் இல்லாத அரசு நிலம் வேண்டும். பட்டியலில் முதலில் கன்னிமேடு. "பழைய குடிசைகள், கைவிடப்பட்டவை. குடியிருப்போர் இல்லை." கீழே என் கையெழுத்து.

ரேஷன் கார்டைக் காட்டலாமே என்பீர்கள். பாதிக் குடும்பங்களுக்குக் கார்டு இல்லை. இருந்தவர்களுக்கும் முகவரி பக்கத்துப் பெரிய ஊரின் பெயரில் இருந்தது. கன்னிமேடு என்ற பெயர் ஒரு அரசாங்கக் காகிதத்தில் ஏறியது அதுதான் முதல் தடவை. ஏறும்போதே ஆள் இல்லை என்று ஏறியது.

அங்கே வருவாய் ஆய்வாளராக ஒரு மேடம் இருந்தார். பெயர் வேண்டாம். அவர் எதிரே போய் நின்றேன்.

"மேடம், இந்த இடத்துல ஆள் இருக்காங்க."

"நீங்கதானே இல்லன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க?"

"ஆமாம் மேடம்."

"இப்ப எங்க இருக்காங்க?"

"மாமல்லபுரம்."

"ஊர் மொத்தமுமா?"

"நாயைத் தவிர."

மேடம் பேனாவை மூடி வைத்தார். "வெள்ளிக்கிழமை காலைல பத்து மணிக்கு தாசில்தார் நேர்ல பார்க்க வர்றார். அன்னைக்கே பட்டியலை மேல அனுப்பிடுவார். அங்க ஆள் இருந்தா இருக்குன்னு எழுதுவார். இல்லன்னா நீங்க சொல்றது, நான் சொல்றது எல்லாம் வாய்ப்பேச்சு."

"ஒரு மனு எழுதிக் குடுக்கட்டுமா மேடம்?"

"மனு எழுதற நேரத்துல பஸ் ஏறுங்க. உங்க லீவை நான் பார்த்துக்கறேன்."

திட்டுவதற்கு அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. திட்டவில்லை. அந்த நேரத்தை எனக்குக் கொடுத்தார். உங்களுக்குக் கீழே யாராவது வேலை பார்க்கும் நாள் வந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கன்னிமேட்டில் போன் வைத்திருந்த நாகம்மாவுக்கு அடித்தேன். அணைத்து வைத்திருந்தது. மணலில் எங்கே சார்ஜ் போடுவார்கள்?

புதன்கிழமை மதியம் மாமல்லபுரம் போய்ச் சேர்ந்தேன். கடற்கரை முழுக்கப் புடவைக் கூடாரம். எத்தனையோ ஆயிரம் பேர். இதில் என் முப்பத்தோரு குடும்பம் எங்கே? தேடிக்கொண்டு போனேன். என்னைப் பார்த்ததும் பெண்கள் குழந்தைகளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். ஒரு பெரியவர் வழியை மறித்தார்.

"எந்தச் சூளை மேஸ்திரி நீ?"

"மேஸ்திரி இல்ல. தலையாரி."

"இட்டுக்கினு போறவன் எவன் மேஸ்திரின்னு சொல்லிக்கினு வந்தான்?"

முன்பணம் கொடுத்துச் செங்கல் சூளைக்கும் அரிசி ஆலைக்கும் ஆட்களை லாரியில் கொண்டுபோய், வெளியே விடாமல் வைத்துக்கொள்பவர்கள் உண்டு. தப்பி வந்தவர்களைத் தேடி அவர்கள் மகத்துக்கும் வருவார்களாம். சட்டைப் பையில் இருந்த பேனாவை எடுத்து உள்ளே மறைத்தேன். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன். பிறகு யாரும் மறிக்கவில்லை.

கண்ணால் தேடிப் பயன் இல்லை. எல்லாக் கூடாரமும் ஒன்றுபோல இருந்தது. காதால் தேட ஆரம்பித்தேன். செங்கல்பட்டுப் பக்கத்து ஆட்கள் பேச்சு வேறு, விழுப்புரம் பக்கத்து ஆட்கள் பேச்சு வேறு. சாயங்காலம் ஆகும் நேரத்தில், ஒரு நீலப் புடவைக்குப் பின்னால் யாரோ கோழியைத் திட்டினார்கள். பாதி தெலுங்கு, பாதி தமிழ், மீதி எனக்குத் தெரிந்தது. கன்னிமேட்டுத் திட்டு.

நாகம்மாதான். ஐம்பது வயது இருக்கும். அந்த ஊருக்குத் தலைவர் என்று யாரும் கிடையாது. ஆனால் நாகம்மாவைக் கேட்காமல் எதுவும் நடக்காது.

"இன்னா தலையாரி, கடலாண்டயும் நோட்டீசு ஒட்ட வந்துட்டியா?"

"இல்ல."

"பின்ன மகத்துல பொண்ணு பாக்க வந்தியா? வயசாயிடுச்சே நைனா."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் விஷயத்தைச் சொன்னேன். நாலு வாக்கியம். சிரிப்பு நின்றது.

"இத்தினி வருசமா எங்க ஊட்டாண்ட தண்ணி வாங்கிக் குடிக்கிற. யாரும் இல்லன்ன?"

"ஆமா."

"நாயி இருந்திச்சில்ல?"

"இருந்திச்சு."

"அத்த கேட்டிருந்தா அது கரெக்டா சொல்லியிருக்கும்."

ஒரு தட்டில் சோறும் மீனும் போட்டு என் முன்னால் வைத்தார். கோபம் இருந்தது. சோறும் இருந்தது. சாப்பிட்டேன்.

சிக்கல் இரண்டு. நாகம்மாவின் மகன் மாரிக்கு வெள்ளிக்கிழமை விடியற்காலை அந்த மணலில் கல்யாணம் வைத்திருந்தார்கள். பெண் திருப்பாச்சூர் பக்கத்து இருளர் வீட்டுப் பெண். பெயர் செல்வி. இன்னொன்று, அம்மா உத்தரவு கொடுக்காமல் யாரும் கடற்கரையை விட்டுக் கிளம்பக் கூடாது.

"நான் சொல்லி இவங்க வரமாட்டாங்க" என்றார் நாகம்மா. "நாளிக்கி பவுர்ணமி. விடிய பூசையில அம்மாவையே கேளு."

வியாழக்கிழமை விடிந்தது. அலை ஓரத்தில் மணலைக் குவித்து ஏழு படி கட்டினார்கள். பூ, வெற்றிலை, தேங்காய் வைத்தார்கள். சூரியன் மேலே வரும் நேரத்தில் நாகம்மாவுக்கு அருள் வந்தது. தலைமுடி அவிழ்ந்தது. குரல் மாறியது.

"எவடுரா அது? எம் புள்ளைங்கள இல்லன்னு சொன்னவன் எவடு?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான்தாம்மா" என்றேன்.

"கிட்ட ரா."

போனேன். ஒரு கை மஞ்சளை அள்ளி என் நெற்றியில் அறைந்த மாதிரி அப்பினாள்.

"எண்ணத் தெரியாதவனுக்குப் பேனா இன்னாத்துக்குடா?"

பிறகு ஊர்க்காரர்கள் பக்கம் திரும்பினாள்.

"இன்னிக்கே தாலி கட்டுங்க. இன்னிக்கே ஊட்டுக்குப் போங்க. தலையாரி, நீயே கூட போயி வுடு. ஒண்ணு கொறஞ்சாலும் உன்னத்தான் கேப்பேன்."

அம்மா சொன்னாளா, நாகம்மா சொன்னாரா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. நெற்றியில் மஞ்சள் காய்ந்துகொண்டிருந்தது.

அரை மணியில் கல்யாணம் முடிந்தது. பெண்ணின் வயதை மட்டும் கேட்டேன். இருபத்தொன்று என்றார்கள். அரசாங்க வேலை, கேட்காமல் இருக்க முடியாது. செல்வி அலையைப் பார்த்துப் பின்னால் பின்னால் போனாள். அவர்கள் வீட்டில் குளத்து மீனும் வயல் எலியும்தான். உப்புத் தண்ணீரில் கால் வைத்ததே அன்றைக்குத்தான்.

நான் தெரிந்த ஒருவருக்குப் போன் போட்டு லாரி கேட்கப் போனேன். நாகம்மா போனைப் பிடித்துக்கொண்டார்.

"லாரில ஏற மாட்டோம். ஏறினவங்கதான் நாங்க."

லாரியை விட்டேன். பஸ்ஸில் செங்கல்பட்டு வந்தோம். நாலு பஸ் ஆயிற்று. ஸ்டேஷன் கவுண்டரில் நான் முன்னால் போய் நின்றேன்.

"எத்தனை டிக்கெட்?" என்றார் உள்ளே இருந்தவர்.

எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடம் அந்த ஊருக்குத் தலையாரி. எத்தனை பேர் என்று ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை. வரிசையில் பின்னால் இருந்தவர்கள் கத்தினார்கள்.

நாகம்மா என் தோளைத் தொட்டு ஓரமாக நிறுத்தினார். "அவங்கவங்க ஊட்டுக்கு அவங்கவங்க வாங்கிக்கட்டும். எங்கள மூட்டையா கட்டாத நைனா."

வீடு வீடாக வரிசையில் வந்து வாங்கினார்கள். ஒரு வண்டி போய்விட்டது. அடுத்த வண்டியில் ஏறினோம்.

பீச் ஸ்டேஷனில் இறங்கிக் கும்மிடிப்பூண்டி வண்டி மாறினோம். பெட்டி முழுக்கப் பானையும் கோழியும். மாப்பிள்ளையையும் பெண்ணையும் ஜன்னல் ஓரத்தில் உட்கார வைத்தார்கள். வேலை முடிந்து போகும் ஒரு ஆள் காலை வைக்க இடம் இல்லாமல் நின்றார்.

"இன்னாம்மா, ஊரையே காலி பண்ணிக்கினு போறீங்களா?"

"காலி இல்லன்னு காட்டப் போறோம்பா. நீ இப்டி ஒக்காரு" என்று நாகம்மா ஒரு மூட்டையை மடியில் எடுத்துக்கொண்டார்.

எண்ணூர் தாண்டும்போது பெண்ணோடு வந்த கோழி சீட்டுக்கு அடியில் முட்டை போட்டது. மாமியார் வீட்டு முட்டை என்றார் நாகம்மா. கோழி என்னுது, முட்டையும் என்னுது என்றாள் செல்வி. பெட்டியில் இருந்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். நின்றுகொண்டிருந்த ஆளும் பெண் கட்சியில் சேர்ந்தார். பொன்னேரி வரைக்கும் வழக்கு நடந்தது. பெண்தான் ஜெயித்தாள்.

இருட்டுவதற்குள் மேட்டுக்கு வந்துவிட்டோம். நாளைக்குப் பத்து மணிக்குத் தாசில்தார் வருவார், எல்லாரும் இருக்க வேண்டும் என்று சொன்னேன். சரி என்றார்கள். வீட்டுக்குப் போனேன்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் போனேன். கன்னிமேட்டில் யாரும் இல்லை.

கதவுகள் திறந்திருந்தன. அடுப்பில் சாம்பல் சூடாக இருந்தது. நாயும் இல்லை. மணலில் காலடி எல்லாம் ஏரிப் பக்கம் போயிருந்தது. அப்போதுதான் விளங்கியது. மேட்டில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வந்த மருமகள் மறுநாள் காலை ஏரியில் இறங்க வேண்டும். அவள் கையில் முதல் இறால் கிடைப்பதை ஊரே கரையில் நின்று பார்க்கும். கிழவரைக்கூடத் தூக்கிக்கொண்டு போவார்கள்.

ஓடிப் போய்க் கூப்பிட நேரம் இல்லை. ஜீப் வந்துவிட்டது. தாசில்தார் இறங்கினார். பின்னால் மேடம், வி.ஏ.ஓ. சார், சர்வேயர்.

தாசில்தார் குடிசைகளைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். "பதினொன்றரைக்குக் கலெக்டர் ஆபீஸ்ல மீட்டிங். இங்க யாரும் இல்லையேப்பா?"

வி.ஏ.ஓ. சார் என்னைப் பார்த்தார்.

"இருக்காங்க சார்" என்றேன். "ஏரில இருக்காங்க. இது தண்ணி இறங்கற நேரம். நேத்து இவங்க ஊர்ப் பையனுக்குக் கல்யாணம். புது மருமக இன்னைக்கு முதல் தடவையா தண்ணில இறங்கறா. ஊரே பார்க்கப் போகும், அது இவங்க வழக்கம். கூப்பிட்டு வர நேரம் ஆகும். நாம போனா பத்து நிமிஷம். வழியில சேறு இருக்கும். செருப்பைக் கழட்டிடலாம் சார்."

ஒரு மேலதிகாரியிடம் நான் அவ்வளவு பேசியது அதற்கு முன் இல்லை. தாசில்தார் யோசித்தார். மேடம் முதலில் செருப்பைக் கழற்றினார். பிறகு தாசில்தார் பேண்ட்டை மடித்துவிட்டார்.

ஏரிக்கரையில் கிழவர்கள், குழந்தைகள், நாய். தண்ணீரில் தலைகள். ஒவ்வொரு வாயிலும் ஒரு பறி. தாசில்தார் கரையில் நின்று, "எல்லாருக்கும் வணக்கம்" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. சொல்ல முடியாது. அத்தனை பறியும் ஒரு தடவை மேலும் கீழும் ஆடியது.

மேடம் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டார்.

நாகம்மா சேற்றில் நடந்து வந்து பறியை வாயிலிருந்து எடுத்தார். "இந்தா நைனா. இருக்கோமா, இல்லியா?"

"ஊட்ல இருக்கச் சொன்னேன்."

"தண்ணி எறங்கும்போது ஊட்ல இன்னா வேல? உங்க ஜீப்புக்காவ தண்ணி நிக்குமா?"

தாசில்தார் படிவத்தை எடுத்தார். "கைவிடப்பட்ட குடிசைன்னு இருக்கு. யார் சொன்னது?"

"நான் சொன்ன பதில்தான் சார் தப்பு. வி.ஏ.ஓ. சார் புதுசு. மகத்துக்குப் போயிருக்காங்கன்னு நான் சொல்லியிருக்கணும்."

"எழுத்துல விளக்கம் குடுங்க."

"சரி சார்."

பிறகு கொடுத்தேன். மூன்று வரி.

மேடம், வெளியூர் மீனவர் யாரோ கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு பழைய படகின் மேல் தாளை வைத்து வீடு வீடாக எழுத ஆரம்பித்தார். ஒவ்வொரு குடும்பமும் வந்து நின்றது. ஈரம் சொட்டச் சொட்ட நின்றார்கள்.

"உங்க வீட்டுக்காரர் பேர் என்னம்மா?" என்று நாகம்மாவைக் கேட்டார் மேடம்.

"அத்தோ நிக்கிது. அத்தயே கேளுங்க."

"பேர் சொல்ல மாட்டீங்களா?"

"திட்டும்போது சொல்லுவேன். இப்ப நல்ல நாளு."

முக்கால் மணி நேரம் ஆயிற்று. தாசில்தார் மீட்டிங்குக்குப் போன் செய்து தாமதமாகும் என்றார். கன்னிமேட்டுக்கு நேரே இருந்த வரியை அடித்து, "குடியிருப்பு உண்டு" என்று தன் கையால் எழுதினார். "லாரிக்கு அடுத்த இடத்தைப் பாருங்க" என்று சர்வேயரிடம் சொன்னார். மேடம் கூட்டிப் பார்த்து நூற்றுப் பதினெட்டு என்றார். தாசில்தார் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார்.

"இன்னும் ஒண்ணு கீது சார்" என்றார் நாகம்மா.

தண்ணீரில் செல்வி மட்டும் நின்றுகொண்டிருந்தாள். கையில் எதுவும் மாட்டவில்லை. ஒன்றாவது பிடிக்காமல் கரையேற மாட்டேன் என்று காலையிலேயே சொல்லிவிட்டாளாம். மாரி பக்கத்தில் போய்ச் சொல்லிக் கொடுக்கப் பார்த்தான். பறியை வாயில் வைத்தபடியே அவனைத் தலையால் விரட்டினாள்.

"எந்த ஊர்ப் பொண்ணு?" என்றார் தாசில்தார்.

"நேத்து வரிக்கும் திருப்பாச்சூரு."

"இன்னைக்கு?"

நாகம்மா காலால் அந்தச் சேற்றைத் தட்டிக் காட்டினார்.

தாசில்தார் பேனாவை மூடினார். எல்லாரும் தண்ணீரைப் பார்த்தோம். செல்வி குனிந்தாள். தாடை வரைக்கும் தண்ணீர். நெடுநேரம் அப்படியே இருந்தாள். பிறகு ஒரு கையை மேலே தூக்கினாள். விரல் நீளத்துக்கு ஒரு இறால் துள்ளியது. கரையில் அத்தனை பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். நாய் குரைத்தது. வி.ஏ.ஓ. சார் கை தட்டினார்.

அவள் கரைக்கு வந்து பெயரைச் சொன்னாள். மேடம் எழுதி, பழைய கூட்டலை அடித்துவிட்டுக் கீழே புதிதாகப் போட்டார்.

நூற்றுப் பத்தொன்பது.